விசுவகர்மா பூஜையன்று விழுந்த பிரேக்கர்

1. இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்டதால், கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு மட்டும் புதிதாக ஓர் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் போடப்பட்டது.

2. போட்ட வாரத்திலிருந்தே அது விழ ஆரம்பித்தது. விழுந்தால் இரண்டாம் மாடி முழுக்க இருட்டு. மற்ற மாடிகளில் ஒன்றும் ஆகாது.

3. சில சமயம் தூக்கிவிட்டால் நிற்கும். சில சமயம் தூக்கத் தூக்க விழும். அப்புறம் யாரும் எதையும் சரிசெய்யாமலே, தூக்கினதும் நிற்கும்.

4. பிரேக்கர் விழுந்து கிடந்த ஒரு நேரத்தில், லென்ஸ் பட்டறையின் போர்டைத் திறந்த எங்கள் வயரிங் மிஸ்திரிக்கு ஷாக் அடித்தது.

5. லென்ஸ் பட்டறைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

6. நான் பட்டறையைத் திரும்பத் திரும்ப அளந்தேன். குறை எதுவும் இல்லை.

7. விசுவகர்மா பூஜை முடிந்த மறுநாள் பட்டறையின் லைனை வெட்டிவிடுவதாகக் கட்டடத்து மேனேஜர் சொன்னார். அதற்கு எங்கள் ரிப்போர்ட் வேண்டும் என்றார்.

அந்த வேலை இந்த வரிசையில்தான் என் மனதில் கிடக்கிறது. தொண்ணூறுகளின் கடைசி, கல்கத்தா. படித்து முடித்து, பழைய கட்டடங்களின் வயரிங்கைச் சோதித்துப் பழுது பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தேன். டாக்குரியாவில் ரயில் ஏறி, சியால்தாவில் இறங்கி, பௌபஜார் பக்கம் நடப்பேன். மழைக்காலம் முடிகிறதா இல்லையா என்று தெரியாத செப்டம்பர். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் நின்றபடியே ஈரப் புடவைகளுக்கு நடுவில் கண் மூடுவேன். வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே ஒரு நாள் வேலை செய்த மாதிரி இருக்கும்.

கட்டடம் பழையது. தரைத்தளத்தில் கடைகளும் மேனேஜரின் அறையும். மேலே மூன்று மாடிகள். ஒவ்வொரு மாடியிலும் நீளமான ஒரு நடை, அதன் ஓரமாகச் சில அறைகள். சுவரோடு மரப்பட்டி ஓடும். பட்டிக்குள் ரப்பர் உறை போட்ட பழைய வயர். பட்டிமேல் பெயின்ட் அடித்து அடித்து, எது சுவர் எது பட்டி என்று கையால் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாம் மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் ஹோமியோபதி மருந்து மொத்த வியாபாரம். ஒன்றில் துறைமுகச் சரக்குக்குக் காகித வேலை பார்க்கும் ஓர் ஆபீஸ். மூன்றாவது அறையில் லென்ஸ் பட்டறை. தெருவில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடைகளெல்லாம் லென்ஸையும் ஃப்ரேமையும் இங்கே அனுப்பும். பட்டறையில் லென்ஸின் ஓரத்தை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துத் திருப்பி அனுப்புவார்கள். கல் சக்கரம் சுற்றும். சூடு ஏறாமலிருக்க மேலே ஒரு டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ்காரர்கள் அந்த மாடிக்குப் பிரேக்கர் கேட்டார்கள்.

அந்தப் பிரேக்கரின் வேலை எளிமையானது. ஒரு வயர் வழியாகப் போகிற கரண்டும் இன்னொரு வயர் வழியாகத் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். போகிற வயர் ஃபேஸ், திரும்புகிற வயர் நியூட்ரல். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் வந்தால், எங்கோ ஒழுகுகிறது, யாருக்கோ ஷாக் அடிக்கலாம் என்று நினைத்து, இரண்டு வயரையும் வெட்டிவிடும். ஏன் வித்தியாசம் வந்தது என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். எல்லோரும் அவரைக் காக்கு என்று கூப்பிட்டார்கள், சித்தப்பா மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை மா என்பார். முதல் தடவை மெகரோடு போனபோது நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அடுத்த தடவை டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கும் அடுத்த தடவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மறுபடியும் வந்துட்டியா, மா? பிரஷர் பார்க்கற டாக்டர்கூட இத்தனை தடவை வரமாட்டார்."

"ஒரு தடவை எல்லாத்தையும் அணைச்சுடுங்க, காக்கு. அளந்துட்டுப் போயிடறேன்."

"அளந்துக்கோ. மெஷின் எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். கீழ போய் மேனேஜருக்குச் சொல்லு."

மெகர் என்பது வயரின் உறை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் கருவி. கைப்பிடியைச் சுற்றினால் முள் ஓடும். காக்குவின் மோட்டார்களில் முள் நன்றாகவே ஓடியது. தண்ணீருக்குப் பயந்து, அவரே தன் அறைக்குள் ஓடும் வயரையெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்ட புது வயராக மாற்றியிருந்தார். அந்தக் கட்டடத்தில் நான் பார்த்த ஒரே நல்ல வயரிங் அதுதான்.

கீழே போய்ச் சொன்னேன்.

மேனேஜர் நிதானமான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். கட்டடத்தின் சொந்தக்காரர் வெளியூரில் இருந்ததால், இங்கே எல்லாம் இவர்தான். "மேடம், தண்ணியும் கரண்ட்டும் ஒரே ரூம்ல. இதுக்கு மேல என்ன டெஸ்ட்?" என்றார்.

"தண்ணி இருக்கறது நிஜம்தான். ஆனா லீக்கேஜ் இல்லை. மீட்டர் காட்டலை."

"உங்க மீட்டருக்குத் தண்ணி தெரியாதோ என்னவோ."

"மத்த மாடிகளையும் ஒரு தடவை பார்க்கணும். மிஸ்திரிக்கு ஷாக் அடிச்சப்ப பிரேக்கர் விழுந்து கிடந்தது. இரண்டாம் மாடி கரண்ட் அப்ப வெட்டியாச்சு. அப்படின்னா வேற எங்கிருந்தோ வந்திருக்கு."

"மூணாம் மாடியில ஒரு நாளாவது கரண்ட் போச்சா? போகலை. வியாதி இல்லாதவனை எதுக்குப் படுக்க வைக்கணும்? நீங்க வியாதிக்காரன் யாருன்னு எழுதிக் கொடுங்க, போதும்."

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு மட்டுமல்ல, கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். காக்கு மிகப் பழைய வாடகைக்காரர், கொடுப்பதும் பழைய வாடகை. சட்டப்படி அவரைப் போ என்று சொல்ல வழியில்லை. ஆனால் லைனை வெட்டிவிட்டால் சக்கரம் நிற்கும். கண்ணாடிக் கடைக்காரர்கள் சில நாள் பொறுப்பார்கள், பிறகு வேறு பட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் அவரைக் காலி செய்யச் சொல்ல ஆள் வேண்டியதில்லை, அவரே போய்விடுவார். 'பட்டறையால் ஆபத்து' என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு வரி இருந்தால், வெட்டியது சரி என்று ஆகிவிடும். அந்த வரியை எழுத வேண்டியவள் நான்.

மிஸ்திரிக்கும் சந்தேகம் காக்குமேல்தான். எங்கள் கம்பெனியில் அவர் என்னைவிட நெடுநாள் வேலை பார்த்தவர், ஆனாலும் என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பார். ஷாக் அடித்த கையை அன்று முழுவதும் உதறிக்கொண்டே இருந்தார்.

"மெஷினுக்குள்ள கரண்ட் தங்கிக் கிடக்கு, தீதி. எனக்குத் தெரியாதா?"

"இந்த மாதிரி மோட்டார்ல கரண்ட் தங்காது."

"அப்ப என்னை அடிச்சது யாரு? காக்குவோட பட்டறையில முன்னாடி இருந்து செத்துப்போனாரே, அந்தப் பார்ட்னரோட பேயா?"

ஷாக் அடித்தது என்று அவர் சொல்லி நான் ஓடி வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது, அதே வயரில் ஒன்றும் இல்லை. செத்த வயர். சாத்தியமான காரணங்களை எழுதிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் 'வெளியிலிருந்து வருகிறது' என்பது மட்டும் மிச்சம் இருந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. மூன்றாம் மாடியில் துணிக் கோடவுன். போகும்போதெல்லாம் பூட்டித்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனால் அம்மா லேக் மார்க்கெட்டில் வாங்கிய காப்பிப் பொடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். அப்பா மத்திய அரசு வேலையில் இருந்தார். அடுத்த டிரான்ஸ்ஃபர் எந்த ஊருக்கு என்பதுதான் எங்கள் வீட்டில் நிரந்தரப் பேச்சு. நான் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டேன்.

"இவ்வளவு படிச்சுட்டு மாடிப்படி ஏறி இறங்கறதுதான் வேலையாடி?" என்பாள் அம்மா.

"லிஃப்ட் இருக்கு, அம்மா. வேலை செய்யாது."

"அதையாவது ரிப்பேர் பண்ணக்கூடாதா?"

"அது வேற கம்பெனிக்காராளோட வேலை."

விசுவகர்மா பூஜையன்று எங்கள் கம்பெனியில் பாதி நாள்தான். ஆயுதங்களையெல்லாம் கழுவித் துடைத்து வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை, துர்கா பூஜையின் நவமியோடு சேர்ந்து வரும். அன்று அப்பாவின் ஸ்கூட்டரோடு என் டெஸ்டருக்கும் சந்தனம் வைத்து வாசலில் நிறுத்துவோம். ஆகவே கல்கத்தாவில் என் கருவிகளுக்கு வருடத்தில் இரண்டு விடுமுறை. எனக்கு அவ்வளவு கிடையாது.

காக்கு பட்டறையில் பூஜை வைத்து என்னையும் கூப்பிட்டிருந்தார். எங்கள் மிஸ்திரியும் அங்கேதான் வைத்தார். கம்பெனி அலமாரியிலிருந்து மெகர், இடுக்கி, டெஸ்ட் லாம்ப் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய், களிமண் விசுவகர்மாவின் யானைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார். மெகரின் கண்ணாடிமேல் சிந்தூரப் பொட்டு. காக்கு அதற்கும் ஒரு படி மேலே போயிருந்தார். பட்டறையின் இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சை இறக்கி, அதற்குள் இருந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றி, பித்தளைத் தாம்பாளத்தில் பூவோடு வைத்திருந்தார்.

"வருஷம் முழுக்க இவங்கதான் எரியறாங்க. இன்னிக்கு ஒரு நாள் இவங்களும் படுத்துக்கட்டும்," என்றார்.

பட்டறையில் கரண்ட் இல்லாததால், சாமிக்குப் போட்டிருந்த சீரியல் பல்புக்கும் டேபிள் ஃபேனுக்கும் பக்கத்து ஹோமியோபதி அறையிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். கிச்சடி, கத்திரிக்காய் வறுவல், தக்காளிச் சட்னி. மொட்டைமாடியில் பட்டம் விடுகிறவர்கள் யாருடைய நூலையோ அறுத்துவிட்டு 'போ காட்டா' என்று கத்துவது படிக்கட்டு வழியாகக் கேட்டது.

மேனேஜரும் வந்திருந்தார். மறுநாள் லைனை வெட்டப் போகிறவர், இன்று வாழை இலைத் துண்டில் கிச்சடி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. பூஜைக்குக் கூப்பிட்டால் வரத்தானே வேண்டும்.

"இன்னொரு கரண்டி போட்டுக்கோங்க, மேனேஜர் பாபு," என்றார் காக்கு. "நாளையிலேர்ந்து இங்க இருட்டு. இருட்டுல பரிமாறினா சட்னி சட்டையில விழும்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், காக்கு. ஒருத்தர் செத்து கித்துப் போனா?"

"ஆமா, ஆமா. சாகறதா இருந்தா வெளிய போய்ச் சாகறேன். உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, மறுநாள் காலையில் அந்த ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 'காரணம் தெரியவில்லை' என்று எழுதலாம். அது உண்மை. அப்படி எழுதினால் மேனேஜர் வேறு கம்பெனியைக் கூப்பிடுவார். அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.

அப்போது ஃபேன் நின்றது. சீரியல் பல்ப் அணைந்தது.

ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பி, தாம்பாளத்தில் பூவுக்கு நடுவே கிடந்த ஃபியூஸ் கட்டைகளைப் பார்த்தார்கள்.

"மேனேஜர் பாபு," என்றார் காக்கு, மெதுவாக. "என் ஃபியூஸ் எல்லாம் விசுவகர்மா காலடியில இருக்கு. விசாரிக்கறதா இருந்தா அவரை விசாரிங்க."

மேனேஜர் கையைக் கழுவப் போனார். "சுவத்துல ஈரம் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே போனார்.

நான் நடைக்குப் போய்ப் பிரேக்கரைத் தூக்கினேன். விழுந்தது. மறுபடி தூக்கினேன். மறுபடி விழுந்தது. அப்படியானால் காரணம் எதுவோ அது அந்த நிமிடத்திலும் நடந்துகொண்டிருக்கிறது. ஹோமியோபதிக்காரரிடம் சொல்லி அவர் மெயினை இறக்கினேன். சரக்கு ஆபீஸுக்கு அன்று விடுமுறை. அதன் மெயினும் நடையில்தான் இருந்தது, அதையும் இறக்கினேன். மூன்று அறைகளும் இப்போது கழன்றுவிட்டன. நடை விளக்கின் சுவிட்சும் அணைந்திருந்தது. பிரேக்கரைத் தூக்கினேன். விழுந்தது.

இரண்டாம் மாடியில் யாரும் எதுவும் உபயோகிக்கவில்லை. இருந்தும் இரண்டாம் மாடியின் பிரேக்கர் நிற்கவில்லை.

"மெகர் கொடுங்க," என்றேன்.

மிஸ்திரி வாசலில் கையை அகட்டி நின்றார். "இன்னிக்கா? பூஜையில இருக்கு, தீதி. எடுக்கக்கூடாது."

"ஒரு ஸ்க்ரூ டிரைவராவது?"

"எடுத்தா உனக்கு ஒண்ணும் ஆகாது. பாவம் எனக்குத்தான் வரும். அதோட நாளைக்கு எந்தக் கையில ஷாக் அடிக்குமோ."

நான் வற்புறுத்தவில்லை. நவமியன்று என் டெஸ்டரை யாராவது வாசலிலிருந்து எடுத்துக்கொண்டு போனால் அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். கருவி இல்லாமல் செய்யக்கூடியவை மூன்று: பார்ப்பது, கேட்பது, சுவிட்சைப் போட்டு அணைப்பது. பிரேக்கருக்குப் பக்கத்தில் படிக்கட்டிலேயே உட்கார்ந்தேன். கால் வலித்தது என்பதும் ஒரு காரணம்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து செருப்புச் சத்தம். மூன்றாம் மாடிக் கோடவுனைப் பார்த்துக்கொள்கிறவர் தோளில் ஒரு துணிக் கட்டோடு இறங்கி வந்தார். கையில் டார்ச். துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் துணிக் கோடவுனுக்கு விடுமுறை ஏது? ஆர்டர் வந்தால் வருவார், எடுத்துக்கொண்டு போவார். அவரை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"மேல கரண்ட் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கே. இங்க போயிடுச்சா? உங்களுக்கு எப்பவும் இதே பாடுதான்."

"அப்ப டார்ச் எதுக்கு?"

"அதுவா? உள் ரூம் பல்ப் எரியாது. சுவிட்சைப் போட்டா ஒரு தடவை கண்ணடிக்கும், அணைஞ்சுடும். எத்தனை பல்ப் மாத்தியாச்சு! டூப்ளிகேட் மால் தர்றான்னு கடைக்காரனோட சண்டையே போட்டுட்டேன்."

நான் எழுந்தேன். "இப்ப அந்த சுவிட்ச் போட்டிருக்கா?"

"கிளம்பும்போது எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் வருவேன். எரிஞ்சாலும் எரியாட்டாலும். எங்க முதலாளி அப்படி."

பிரேக்கரைத் தூக்கினேன். நின்றது.

"ஒரு தடவை மேல போய் அந்த சுவிட்சைப் போடறீங்களா?"

"அது எரியாதுன்னுதானே சொல்லிட்டிருக்கேன்!"

"எரியாட்டா பரவாயில்லை. போடுங்க."

துணிக் கட்டை என் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, என் கண்ணெதிரிலேயே, பிரேக்கர் விழுந்தது.

பட்டறை வாசலில் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். காக்கு படிக்கட்டின் நடுவுக்குப் போய், மேலே பார்த்துக் கத்தினார்: "அணை!" நான் தூக்கினேன், நின்றது. "போடு!" விழுந்தது. "அணை!" நின்றது. மொட்டைமாடியிலிருந்து பட்டக்காரர்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். காக்கு மேனேஜரைக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்துப் பிரேக்கரின்மேல் வைத்தார். "நீங்களே பிடிச்சுக்கோங்க, பாபு. அப்புறம் நான் ஏதோ மந்திரம் போட்டேன்னு சொல்லக்கூடாது. போடு!"

மேனேஜரின் கைக்குக் கீழே அது விழுந்தது.

"என்னய்யா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மேலேயிருந்து கோடவுன்காரர் கேட்டார். "எனக்கு டெலிவரி இருக்கு!"

மறுநாள் சிந்தூரத்தைத் துடைத்துவிட்டு மெகரோடு வந்தோம். கோடவுனின் உள் அறையில் மரப்பட்டியைப் பெயர்த்தோம். பல்புக்குப் போகிற வயர் மூன்றாம் மாடி போர்டிலிருந்து ஒழுங்காக வந்தது. திரும்புகிற வயர் அந்த போர்டுக்குப் போகவில்லை. தரையில் ஒரு துளை வழியாக இறங்கி, இரண்டாம் மாடி நடையில் ஒரு ஜங்ஷன் பெட்டிக்குள் போய், அந்த மாடியின் நியூட்ரலோடு முறுக்கி விட்டிருந்தது.

ஏன் என்று ஹோமியோபதிக்காரர் சொன்னார், கல்கத்தாவில் கொஞ்ச காலம் இருந்தவர்கள் யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். மணிக்கணக்கில் கரண்ட் போகிற லோட்ஷெடிங் காலத்தில் சந்தின் முனையில் ஒருவர் ஜெனரேட்டர் வைத்திருந்தார். ஓர் அறைக்கு ஒரு பல்ப், ஒரு ஃபேன் என்று லைன் கொடுப்பார். அவர் ஆட்கள் ஃபேஸ் வயரை மட்டும்தான் இழுத்து வருவார்கள். இரண்டு வயர் இழுத்தால் செலவு. திரும்புகிற வயருக்குப் பக்கத்தில் எந்த நியூட்ரல் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வார்கள். கோடவுனின் போர்டு தூரத்தில் இருந்தது. இரண்டாம் மாடியின் பெட்டி காலுக்குக் கீழேயே இருந்தது. லோட்ஷெடிங் குறைந்ததும் ஜெனரேட்டர்காரர் போய்விட்டார். யாரோ அந்தப் பல்பின் ஃபேஸை மட்டும் மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். நியூட்ரலை அப்படியே விட்டுவிட்டார்கள். பல்ப் எரிந்தது, அதற்கப்புறம் யார் பார்க்கப் போகிறார்கள்?

பழைய ஃபியூஸ்கள் இருந்தவரை அதனால் ஒன்றும் ஆகவில்லை. புதுப் பிரேக்கர் கணக்குப் பார்க்கிற ஜாதி. மூன்றாம் மாடியில் புறப்பட்ட கரண்ட் இரண்டாம் மாடி வழியாகத் திரும்பி வந்ததும், தன் கணக்கில் இல்லாத கரண்ட் இது என்று வெட்டிவிட்டது. வெட்டிய பிறகும் அந்தப் பல்ப் வழியாக இரண்டாம் மாடியின் நியூட்ரலில் கரண்ட் நின்றிருந்தது. மிஸ்திரியை அடித்தது அதுதான். நான் போய்ப் பார்ப்பதற்குள் கோடவுன்காரர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போயிருப்பார்.

முறுக்கைப் பிரித்தோம். பல்புக்கு மூன்றாம் மாடியிலிருந்தே புது நியூட்ரல் இழுத்தோம். அதற்குப் பிறகு பிரேக்கர் விழவில்லை. எனக்குச் சந்தோஷம் என்று சொல்லும்படியாக எதுவும் வரவில்லை. உட்கார வேண்டும் போலிருந்தது.

வேலை அத்தோடு முடியவில்லை. மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நல்ல வேலை, மேடம். ஒத்துக்கறேன். இப்ப ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி சேருங்க. 'இரண்டாம் மாடி வயரிங் மிகப் பழையது, ஆபத்தானது, உடனே துண்டிக்க வேண்டும்.' பொய் இல்லையே?"

பொய் இல்லை. அதுதான் சங்கடம். ஜங்ஷன் பெட்டியைத் திறந்தபோது நானே பார்த்தேன், ரப்பர் உறை ஊறின பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. காக்குவின் அறைக்குள் வயர் புதிது, ஆனால் அந்த அறைக்கு வருகிற வயர் அந்த நடை வழியாகத்தான் வருகிறது. நடையை வெட்டினால் அவரும் போவார். எங்கள் முதலாளியிடம் போனேன். "கஸ்டமர் கேட்கறார், உண்மையும் கூட, எழுதிக் கொடு," என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அலுப்பாக இருந்தது.

உண்மையை எழுதுவதென்றால் முழுக்க எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். மிஸ்திரியைக் கூட்டிக்கொண்டு, தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிவரை எல்லா நடையையும் எல்லா அறையையும் அளந்தேன். கோடவுன்காரர் தானாகவே பூட்டைத் திறந்துவிட்டார். சரக்கு ஆபீஸில் மேஜையை நகர்த்த மாட்டோம் என்றார்கள், மேஜைக்குக் கீழே தவழ்ந்து அளந்தேன். 'எது எவ்வளவு பழசு, எங்கே உறை உதிர்கிறது' என்று மாடி வாரியாக எழுதினேன். இரண்டாம் மாடியும் அதில் இருந்தது, அதன் இடத்தில், அதன் அளவோடு. லென்ஸ் பட்டறைக்கு நேரே 'உள் வயரிங் நல்ல நிலை' என்று எழுதினேன்.

மேனேஜர் அதைக் கடைசிவரை படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"என் ரூமையுமா அளந்தீங்க?"

"தரைத்தளத்துல அதுவும் இருக்கே. உங்க நாற்காலிக்குப் பின்னால சுவர்ல ரப்பர் உதிர்ந்துடுச்சு. இரண்டாம் மாடியைவிட அங்கதான் அளவு மோசம்."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதன்படி பார்த்தா கட்டடம் முழுக்க வெட்டணும்," என்றார்.

"ஆமா. இல்லைன்னா கட்டடம் முழுக்க மாத்தணும்."

"யார் மாத்தறது?"

அதைச் சொல்வது என் வேலை இல்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துத்தான் கேட்டார். ரிப்போர்ட்டை இழுப்பறையில் வைத்தார். எல்லா மாடியும் ஒரே லட்சணம் என்று எழுதியிருக்கிற காகிதத்தை வைத்துக்கொண்டு, ஒரு பட்டறையின் லைனை மட்டும் அவரால் வெட்ட முடியாது.

மேலே போய்க் காக்குவிடம் விஷயத்தைச் சொன்னேன். சக்கரத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"அப்ப வெட்ட மாட்டாங்களா?"

"இப்போதைக்கு மாட்டாங்க."

"இப்போதைக்கு," என்றார். "இந்தக் கட்டடத்துல அதுக்கு மேல யாருக்கு என்ன கிடைச்சிருக்கு? டீ குடிக்கறியா?"

குடித்தேன். இறங்கி, சியால்தா வரைக்கும் நடந்து, உட்கார இடமில்லாத ரயிலில் ஏறினேன்.

சில வருடங்கள் கழித்து இதை எழுதும்போது நிலைமை இது. லென்ஸ் பட்டறை அதே அறையில் நடக்கிறது. அதன் லைனை யாரும் வெட்டவில்லை. இரண்டாம் மாடிப் பிரேக்கர் அந்தக் காரணத்துக்காக மறுபடி விழுந்ததில்லை. மற்ற மாடிகளுக்குப் பிரேக்கர் போடவில்லை. கட்டடத்தின் பழைய வயரிங் எதையும் மாற்றவில்லை. மழைக்கு முன்னால் நாங்கள் வருடா வருடம் போய் அளக்கிறோம். வயர் உறை தாங்கும் அளவு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் குறைகிறது. இன்னும் குறைந்தபட்ச வரம்புக்கு மேலேதான் இருக்கிறது. அப்படித்தான் ரிப்போர்ட்டில் எழுதுகிறேன்.